தாம்பரத்தில் நான் நிறுத்திய ரயில்

நடக்காத ஒரு ரயில் மறியலை, அதில் கலந்துகொள்ளாத ஒரு மனிதரின் பெருமைக்காக, அவருடைய மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, நேரில் பார்த்தவன் போல நான் வர்ணித்திருக்கிறேன். வீட்டில் என்னை ‘அசடு’ என்பார்கள். அதுநாள் வரை அது செல்லப் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடம், சிட்லபாக்கத்தில் முனுசாமி என்பவரின் வீட்டுக் கூடம். தலைக்கு மேல் ‘டக் டக்’ என்று அடித்தபடி ஒரு மின்விசிறி. முனுசாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் விரல்கள் ஓய்வு பெறவில்லை. கையில் கிடைத்த பால் ரசீதை நீளவாக்கில் மடித்து, ரூபாய் நோட்டு போல விரலிடுக்கில் செருகிக்கொண்டே பேசினார். அவர் வீட்டு மாடி காலியாக இருந்தது.

எதிரே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான். மற்ற இரண்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் செல்வராணியும் அவர் மகள் தர்ஷினியும்.

“வூட்டுக்காரரு இன்னா பண்றாரும்மா?” என்று கேட்டார் முனுசாமி.

“அவர் காலமாயிட்டார்” என்றார் செல்வராணி. பிறகு யாரும் கேட்காமலே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, “அவர் மறியல்ல இருந்தவர்” என்றார்.

முனுசாமியின் முகத்தில் டியூப் லைட் எரிந்தது. “மறியலா! எந்த மறியலு? பஸ்ஸா, ரயிலா?”

செல்வராணி வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

“ரயிலு சார்! நம்ம தாம்பரத்துல! தண்டவாளத்துல படுத்துட்டாரு. எலெக்ட்ரிக் டிரெயின் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. மனுஷன் அசையணுமே? கடைசியில டிரைவரே இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு சார்!”

“அட்ரா சக்கை!” முனுசாமி தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “நானும் யூனியன்காரன்தாம்மா. எத்தினி மறியலு பாத்துகீறேன்! தோழர் குடும்பத்துக்கு இல்லாத வூடா? மாடிய நீயே எடுத்துக்க.”

செல்வராணி என்னைப் பார்த்தார், விசில் வராத குக்கரைப் பார்ப்பது போல. தர்ஷினி தலையைக் குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றியில் இருவருக்கும் பேச்சு வரவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

சட்டமும் நானும்

இவர்கள் இலங்கைத் தமிழர்கள். மன்னார்ப் பக்கம். அங்கே சண்டை மறுபடி மூண்ட காலத்தில், கைக்குழந்தையாக இருந்த தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு படகேறி வந்தவர்கள். முதலில் தெற்கே ஒரு முகாம். பிறகு, முகாமுக்கு வெளியே தங்க அனுமதி வாங்கிக்கொண்டு பம்மல். கணவர் பெயிண்டர் வேலைக்குப் போனார். ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பம்மலுக்குக் குடிவருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காதவரைத்தான் தண்டவாளத்தில் படுக்க வைத்தேன்.

செல்வராணிக்கு தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை. தர்ஷினிக்கு நர்சிங் கடைசி வருஷம்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், எனக்கும் கொஞ்சம்தான் தெரியும்.

இப்படி வெளியே தங்குகிறவர்கள் அந்தந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொள்ள வேண்டும். கூப்பிட்டபோது போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வீடு மாறினால் பழைய ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் புது ஸ்டேஷனில் பதிய வேண்டும். அதற்குப் புது வீட்டுக்காரர் கூட வந்து, ‘ஆமாம், என் வீட்டில்தான் இருக்கிறார்கள்’ என்று சொல்ல வேண்டும். டில்லியில் வெளிநாட்டவருக்கு ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதில் இவர்களைப் போல முன்பே வந்து பதிந்திருப்பவர்களுக்குத் தண்டனை கிடையாதாம். தர்ஷினி இதைச் செல்போனில் படித்துக் காட்டியபோது நான் கைதட்டினேன்.

“கைதட்டாதீங்க அங்கிள். பதிஞ்சிருந்தாத்தான் தண்டனை இல்ல. பதியலன்னா?” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பம்மல் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறோம், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். எனக்கும்தான் சொன்னார். நான் வேறு வீடு பார்த்துக்கொண்டால் என் கவலை தீர்ந்தது. செல்வராணிக்கு அப்படியில்லை. வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் பதிவு இல்லை. மறுபடி முகாமுக்கே போ என்று சொல்லிவிடலாம். தர்ஷினியின் படிப்பு பரீட்சைக்கு முன்னால் அறுந்துவிடும்.

“நான் முகாமுக்குத் திரும்பிப் போக மாட்டன் அண்ணா. பிள்ளை வெள்ளை உடுப்புப் போட்டு வேலைக்குப் போறதைப் பார்க்காமல் நான் இந்தப் பக்கத்தை விட்டு அசைய மாட்டன்” என்றார் செல்வராணி.

ஓம், ஆமா, ஓமா

வீடுகள் இல்லாமல் இல்லை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை எந்தத் தெருவில் நடந்தாலும் ‘டு லெட்’ பலகை தலையில் இடிக்கும். செல்வராணி போன் செய்வார். எதிர்முனையில் ஒரு பெண் அன்பாக வாடகை சொல்லுவார். தண்ணீர் நன்றாக வரும் என்பார். செல்வராணி “ஓம்” என்பார். அன்பு அங்கேயே நின்றுவிடும்.

“நீங்க... கேரளாவா?”

“இல்லை, இலங்கை.”

“அய்யோ, போலீஸ் அது இதுன்னு வரும்மா. எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்.”

போலீஸ் வருவதில்லை, இவர்கள்தான் போலீஸைத் தேடிப் போகிறார்கள் என்று விளக்குவதற்குள் லைன் போய்விடும்.

இந்தப் பிரச்சினைக்கு நான் கண்ட தீர்வு, மெட்ராஸ் பாஷை வகுப்பு.

எனக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் காலனிப் பொங்கல் விழாவில் வருஷம் தவறாமல் மிமிக்ரி செய்கிறவன் நான். ஆட்டோக்காரர், அரசியல்வாதி, கிரிக்கெட் வர்ணனையாளர் எல்லாருடைய குரலும் வரும். மூன்றும் ஒரே மாதிரி இருப்பதாக என் மனைவி விஜயா சொல்வாள். கலைஞனை வீட்டில் மதிப்பதில்லை.

எங்கள் ஹாலில் வகுப்பு நடந்தது. விஜயா கீரை ஆய்ந்தபடி மேற்பார்வை.

“முதல் பாடம். ‘ஓம்’ கோயிலுக்கு. வீட்டுக்காரருக்கு ‘ஆமா’. சொல்லுங்க.”

“ஓம் அண்ணா.”

“அதுதான் கூடாதுங்கறேன்.”

“ஓம்... மா.”

அன்று சாயங்காலம் அவர் ஒரு வீட்டுக்கார அம்மாளுடன் பேசினார். “ஓமா... ஓமா...” என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் போனைப் பொத்திக்கொண்டு பரிதாபமாக என்னிடம் திரும்பினார். “அண்ணா, அவ என்னை உமா எண்டு கூப்பிடுறா. என்ன சொல்றது?”

‘கதைக்காதீர்கள், பேசுங்கள்’ என்பது இரண்டாம் பாடம். ‘கெதியா’ இல்லை, ‘சீக்கிரம்’; ‘காணும்’ இல்லை, ‘போதும்’ என்பது மூன்றாம் பாடம். ஊர் எது என்று கேட்டால் ‘ராமநாதபுரம் பக்கம்’ என்று சொல்லச் சொன்னேன். படகு அங்கேதானே வந்து சேர்ந்தது, பாதி உண்மை என்றேன். செல்வராணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் முனுசாமி வீட்டில் நுழைந்ததுமே அதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

தர்ஷினிக்கு வகுப்பு தேவைப்படவில்லை. “எனக்கு இன்னாத்துக்கு அங்கிள் கிளாஸு? நான் பம்மல் பொண்ணு” என்றாள். தெருவில் தோழிகளிடம் “இன்னாடி, எங்க போய்கினு கீற?” என்பாள். வாசலில் செருப்பைக் கழற்றினால் நாக்கையும் கழற்றி மாட்டிக்கொள்வாள். உள்ளே போய் “அம்மா, என்ன செய்யுறியள்?” என்பாள். நடுவில் ஒரு மூச்சுகூட விடமாட்டாள்.

டில்லியில் ஒரு வடக்கத்தியான்

இந்த வேஷம் கட்டும் யோசனை எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் டில்லியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்துப் போயிருந்தேன். ‘மதறாஸி’ என்றால் சாம்பார் வாசனை வரும் என்று வீடு தர மறுத்தார்கள். நான் மீசையைத் திருத்திக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, “ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி” என்றபடி ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் மிகவும் மகிழ்ந்துபோய் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் “ஹாஞ்ஜி” என்றேன். அவர் உள்ளே போய்த் துடைப்பத்தையும் ஒரு வாளியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வேலைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

பெருக்கிவிட்டுத்தான் வந்தேன். பாதியில் எப்படி விடுவது?

கொஞ்ச காலத்தில் டில்லி அலுத்துப்போய் மூட்டையைக் கட்டினேன். என்னை யாரும் தடுக்கவில்லை. எந்த ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டு வரத் தேவையில்லை, ரயில்வே ஸ்டேஷன் தவிர. வேஷம் எனக்கு விளையாட்டாக இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என் திறமை என்றே நினைத்தேன்.

ஷேர் ஆட்டோவில்

முனுசாமி வீட்டுக் கூடத்திலிருந்து வெற்றி வீரனாக வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். “பாத்தீங்களா? உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி ஒரே நிமிஷத்துல வீடு!”

தர்ஷினி வெடித்தாள். சிரிப்பா, அழுகையா என்று உடனே தெரியவில்லை.

“அங்கிள், மறியல்னா எங்க பாஷையில ஜெயிலு!”

எனக்கு ஆட்டோ நின்றது போல இருந்தது. நிஜமாகவே நின்றிருந்தது, யாரோ ஏறினார்கள்.

“அப்பாவை செக்பாயிண்ட்ல சந்தேகத்துல புடிச்சு உள்ள வச்சாங்க. நான் பொறந்தப்போ அவர் மறியல்லதான் இருந்தாரு. நீங்க என்னடான்னா ரயில்ல படுக்க வைக்கறீங்க!”

எப்போதோ கையில் கிடைத்த ஒரு கொழும்புப் பத்திரிகையில் ‘விளக்கமறியல்’ என்று படித்திருக்கிறேன். ஏதோ விளக்கம் கேட்டு மறியல் செய்கிறார்கள், நல்ல நாகரிகமான ஊர் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியவன் நான். அதற்குக் காவலில் வைப்பது என்று பொருளாம்.

“நீங்க ஏன் அங்கேயே சொல்லல?” என்று செல்வராணியிடம் கேட்டேன்.

“நான் சொல்லத்தானே தொடங்கினனான்? வீடு தாற மனுசனுக்கு ஒரு உண்மையாவது தெரியட்டும் எண்டு மறியலைச் சொன்னன். அவர் சிரிச்சார். மறியல்ல இருந்தவர் எண்டதைக் கேட்டுச் சிரிக்கிறாரே, நல்ல மனுசனாக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கிச்சு.”

“அப்பவாவது என்னை நிறுத்தியிருக்கலாமே?”

“உங்களை நிப்பாட்ட ஏலுமே அண்ணா? நீங்கள் ரயிலையே நிப்பாட்டிப்போட்டியள்.”

எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, விஷயம் தெரியாமலே சிரித்தார்.

வீடு வரும்வரை நான் மாற்றுத் திட்டம் போட்டேன். முன்பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிடுவோம், ஸ்டேஷன் விஷயத்தைப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றேன். மறுநாள் காலை செல்வராணி, வேலைக்குப் போகும் சேலையில், டிபன் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“கம்பெனிக்கு லேட்டா வாறன் எண்டு சொல்லிப்போட்டன். நான் முனுசாமி ஐயாட்டப் போறன். உண்மையைச் சொல்லப் போறன்.”

“வீடு போயிடும்மா” என்றேன்.

“போனாப் போகட்டும். இன்னொண்டு தேடுவன். ஸ்டேஷன்ல ஏட்டையா ‘சிலோன் அகதி யாரு?’ எண்டு சத்தம் போட்டுத்தான் கூப்பிடுவார். அப்ப அந்த மனுசன் பக்கத்தில நிண்டா, அவரின்ர முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?”

விஜயா என் சட்டையை என் மேல் எறிந்தாள். “கூடப் போங்க. வாயை இங்க வெச்சுட்டுப் போங்க.”

லெமன் சாதம்

முனுசாமி வாசலில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “வாம்மா, வா தோழர்!” என்றார் என்னைப் பார்த்து. நான் செல்வராணியின் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

செல்வராணி நின்றபடியே பேசினார். என் மூன்று பாடங்களில் ஒன்றும் அதில் இல்லை.

“ஐயா, நான் ராமநாதபுரம் இல்லை. இலங்கை, மன்னார். அகதி எண்டு ஸ்டேஷன்ல பதிஞ்சிருக்கிறம். மறியல் எண்டா எங்கட பாஷையில சிறை. என்ர மனுசன் சிறையில இருந்தவர். ரயிலை ஒருநாளும் மறிக்கேல்ல. நாங்கள் குடி வந்தா நீங்கள் ஒருக்கா ஸ்டேஷனுக்கு வரவேணும். விருப்பம் இல்லையெண்டா இப்பவே சொல்லுங்கோ. நான் வேற வீடு பார்க்க வேணும், நாள் இல்லை.”

முனுசாமி சொம்பைக் கீழே வைத்தார். முதலில் அவர் பார்வை திரும்பியது என் பக்கம்தான்.

“அப்போ அந்த டிரைவரு?”

“எந்த டிரைவர் சார்?”

“எறங்கி வந்து கும்பிட்டாரே, அந்த டிரைவரு.”

நான் தொட்டியில் இருந்த துளசியை ஆராய்ந்தேன்.

“இன்னா கேசும்மா உங்க வூட்டுக்காரரு மேல?” என்று செல்வராணியிடம் கேட்டார்.

“கேஸ் இல்லை ஐயா. சந்தேகம்.”

“கேஸே இல்லாம உள்ள வெச்சானா? எத்தினி நாளு?”

“பிள்ளை தவழுற வரைக்கும்.”

முனுசாமி படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் மடிக்க ஒரு காகிதம் இல்லாமல் விரல்கள் தவித்தன.

“நாங்க மறியலு பண்ணா, போலீஸ்காரன் வேன்ல ஏத்தினு போயி கல்யாண மண்டபத்துல வெப்பாம்மா. மத்தியானம் லெமன் சாதம் குடுப்பான். சீட்டாடுவோம். சாய்ங்காலம் வுட்ருவான். வூட்டுக்கு வந்து, நானும் ஜெயிலுக்குப் போனேன்னு பீத்திக்குவேன்.” சொம்பைத் தள்ளி வைத்தார். “உங்குளுது வேற மறியலு.”

பிறகு தன் பயத்தையும் மறைக்காமல் சொன்னார். “ஆனா ஒண்ணும்மா. எம் பொண்ண இதே தெருவுல குடுத்துகீறேன். ஸ்டேஷனு அது இதுன்னா சம்மந்தி வூட்ல பேஜாரு பண்ணுவாங்க. யோசிச்சு சொல்றேன்.”

“யோசியுங்கோ ஐயா. நான் மற்ற வீடுகளையும் பார்க்கிறன்” என்று சொல்லிவிட்டு செல்வராணி கம்பெனிக்கு பஸ் பிடிக்க நடந்தார்.

அந்த வாரம் அவர் பார்த்த வீடுகளில் எல்லாம் முதல் வாக்கியமே, “நாங்கள் இலங்கை அகதி, ஸ்டேஷனுக்கு வரவேணும், சம்மதமெண்டா மேல கதைப்பம்” என்பதுதான். போன் பேச்சுகள் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தன. “நேரம் மிச்சம் அண்ணா” என்றார். ஒரு நாள் வெட்டுப்பட்ட விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, ஓவர்டைம் முடித்து வந்து, அப்படியே அடுத்த எண்ணை அழுத்தினார். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து மருந்துகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு அறிவுரை சொல்ல வாய் ஊறியது. விஜயா பார்த்த பார்வையில் காய்ந்துவிட்டது.

முனுசாமி எனக்கு போன் செய்யவில்லை. செல்வராணிக்குத்தான் செய்தார். யாரிடமும் சொல்லாமல் அவரே புது ஸ்டேஷனுக்குப் போய், வீட்டுக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். “வந்து சொல்லணும், அவ்ளோதான்னாங்க. இதுக்கா நான் தூங்காம கெடந்தேன்? சம்மந்திகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ பால் காய்ச்சற வேலயப் பாரு.”

பதிவு செய்யும் நாளில் அவர் கூடப் போனார். என்னை வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிறுத்தினார்கள். எல்லாருடைய ஏகமனதான முடிவு அது. உள்ளே, “இவங்கள உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்களாம். “வாடகைக்குக் கேட்டாங்கோ, குட்த்தேன்” என்றாராம் முனுசாமி. அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்தபோது செல்வராணியின் முகம் வியர்த்திருந்தது. “இனி இந்த ஸ்டேஷன்ல கையெழுத்து” என்றார். பதிவு கிடைத்தது, குடியுரிமை இல்லை. பாஸ்போர்ட் கேட்டால் தர்ஷினிக்கு இன்னமும் கையை விரிப்பார்கள். ஆனால் பரீட்சைக்கு அவள் இங்கிருந்தே போகலாம்.

குட்டி யானை

ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வந்தது. பீரோ, தையல் மிஷின், தர்ஷினியின் புத்தக மூட்டை, ஒரு இரும்புக் கட்டில். சிட்லபாக்கத்தில் இறக்கியபோது எதிர்வீட்டு அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“புதுசா வர்றீங்களா? எந்த ஊரு?”

பழக்க தோஷத்தில் என் வாய், “ராம...” வரை போய்விட்டது.

செல்வராணி தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். “மன்னார். இலங்கை. அகதியா வந்தனாங்கள். மகள் நர்சிங் படிக்கிறா.”

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“இங்க தண்ணி காலையில ஒரு தடவதான் வரும். அந்தக் கொடத்த மட்டும் வெச்சுகினு பத்தாது, டிரம் வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பாத்தீங்களாம்மா? நான் ஒரு வார்த்தைகூடப் பேசல! இனிமே யார் என்ன கேட்டாலும் நான் வாயைத் திறக்கப் போறதில்ல. ஒருவேளை நீங்களே கேட்டுக்கிட்டா மட்டும், பழைய பக்கத்து வீட்டுக்காரன்ங்கற முறையில ரெண்டு வார்த்தை...”

“கதைச்சது காணும், கட்டிலைப் பிடியுங்கோ” என்றார் செல்வராணி.